இடதுகைக் கதாநாயகன்

சிகாமட் ஊர் ஜவுளிக்கடை ஐயாசாமி, தன் மகனுக்குப் பெண் பார்க்க வந்த இடத்தில், பெண்ணைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. முந்தின நாள் கூடாரக் கொட்டகையில் பார்த்த ஊமைப்படத்தைத்தான் கிழித்துக்கொண்டிருந்தார்.

"முதல் வரிசை நாற்காலியில உக்காந்து பார்த்தேன். அவனெல்லாம் ஒரு நடிகனா? இடது கையால சோத்தை அள்ளித் தின்னுறான். திருநீறு பூசுறதும் இடது கைதான். அந்தக் கதாநாயகிக்குச் சேலையே கட்டத் தெரியல லா. முந்தானை வலது தோள்ல கெடக்குது. இதுங்களுக்கெல்லாம் மாலை மரியாதை வேற."

பெண்ணின் அப்பா காளியப்பனுக்கு அதுவரை ஒரே கவலை. நாற்காலியில் உட்கார்ந்து படம் பார்க்கிற பெரிய இடம், என்னென்ன சீர் கேட்குமோ? இதைக் கேட்டதும் அந்தக் கவலை விட்டது.

"நானும் நேத்து அந்தப் படத்துக்குப் போனேங்க. எனக்கும் அவன் இடதுகைக்காரனாத்தான் தெரிஞ்சான்."

"பார்த்தீங்களா? நீங்களும் நாற்காலியா?"

"இல்லீங்க. திரைத்துணிக்குப் பின்னாடி, பாதிக் காசுக்குத் தரையில உக்காந்தேன். அங்கேயிருந்து பார்த்தா எல்லாம் இடம் வலமா மாறித் தெரியும். முன்னாடி நாற்காலிக்காரங்களுக்கு அவன் வலது கையாலதான் சாப்பிட்டானாம்."



காளியப்பன் வெற்றிலைத் தட்டை அவர் பக்கம் நகர்த்தினார். "சீரைப் பத்திப் பேசுவோமா, சம்பந்தி?"