பக்கத்து சீட்

"உட்கார்ந்து சாப்பிட வேண்டிய வயசுல மாமனாரைக் கார் ஓட்ட விட்டுட்டு, பக்கத்துல மகாராணி மாதிரி உட்கார்ந்து வர்றா பாரு."

மாடி வீட்டம்மா குடிவந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அதற்குள் கீழ்வீட்டு மருமகளைப் பற்றித் தீர்ப்பே எழுதிவிட்டாள்.

ஆதாரம் இல்லாமல் இல்லை. தினமும் சாயங்காலம் வேலையிலிருந்து வந்ததும் வராததுமாக, "மாமா, கடைக்குப் போலாமா?" என்று குரல் கொடுப்பாள் மருமகள். பெரியவர் சாவியோடு கிளம்பிவிடுவார். இவள் செருப்பைக் கழற்றிப் பின்சீட்டுக்குக் கீழே போட்டுவிட்டு, வெறுங்காலோடு முன்னால் ஏறிக்கொள்வாள்.

"செருப்புப் பட்டா கார் தேய்ஞ்சிடும்போல" என்று மாடியில் அதற்கும் ஒரு முணுமுணுப்பு.

அன்று தூறல். ஆட்டோ கிடைக்காமல் வாசலில் நின்ற மாடி வீட்டம்மாவை, "நாங்களும் கடைத்தெருவுக்குத்தான் போறோம், ஏறுங்கக்கா" என்று மருமகளே கூப்பிட்டாள்.

வலிய வந்த வாய்ப்பை விடுவாளா? தெருமுனை தாண்டுவதற்குள் ஆரம்பித்துவிட்டாள்.

"ஏம்மா, இந்த மழையில இவரை அலைய வைக்கணுமா? நீ ஓட்டக்கூடாதா?"

"மாமா நல்லா ஓட்டுவார்க்கா."

அவ்வளவுதான் பதில். மரியாதைக்குக்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். கொழுப்புதான் என்று மாடி வீட்டம்மா முடிவுகட்டினாள்.

அப்போதுதான் சந்திலிருந்து ஒரு சைக்கிள் குறுக்கே பாய்ந்தது. ஒரு கையில் குடை பிடித்தபடி ஒருவர். கார் குலுங்கி நின்றது. இன்ஜினும் அணைந்துவிட்டது. சைக்கிள்காரர் திட்டிக்கொண்டே போய்விட்டார்.

பெரியவர் குனிந்து தன் காலைப் பார்த்தார்.

"நான் மிதிக்கலையே," என்றார் மெதுவாக.

"நான்தான் மாமா," என்றபோது மருமகளின் குரல் கம்மியிருந்தது.

மாடி வீட்டம்மா எட்டிப் பார்த்தாள். மருமகளின் வெறுங்காலுக்குக் கீழே இன்னொரு பிரேக் இருந்தது. டிரைவிங் ஸ்கூல் கார்களில் சொல்லிக்கொடுப்பவர் பக்கம் வைத்திருப்பார்களே, அதே மாதிரி.

பெரியவர் வண்டியைக் கிளப்பி ஓரமாக நிறுத்தினார். பிறகு பின்னால் திரும்பினார்.

"முன்னாடி ஒருதடவை கேட்டுல இடிச்சுட்டேம்மா. என் பையன் சாவியை வாங்கிப் பூட்டி வெச்சுட்டான். ஜெயில்ல போட்ட மாதிரி இருந்துச்சு எனக்கு. இவதான் அவன்கிட்ட சண்டை போட்டு சாவியை வாங்கிக் கொடுத்தா, இந்த பிரேக்கையும் மாட்டினா. தனியா எடுக்கக்கூடாது. என் காலை முந்திக்கிட்டு இவ கால் மிதிக்கிற அன்னிக்கு நானே சாவியைக் கொடுத்துடணும். அதான் எங்களுக்குள்ள பேச்சு."

சொல்லிவிட்டு மருமகளின் முகத்தைப் பார்த்தார். மழையினால்தான் என்று ஒரு வார்த்தை சொல்வாளா என்று இருந்தது அவருக்கு. அவள் சொல்லவில்லை. கண் மட்டும் நிறைந்திருந்தது.

"பேச்சுன்னா பேச்சுதான்," என்று சாவியை எடுத்து அவள் கையில் வைத்தார்.

இடம் மாறி உட்கார்ந்தார்கள்.

வண்டியைக் கிளப்பப் போன மருமகள் நிறுத்தினாள். "மாமா, மழையில எனக்குக் கொஞ்சம் பயமா இருக்கு. அந்த பிரேக் மேலயே கால் வெச்சிக்கிட்டு வர்றீங்களா?"

பெரியவர் குனிந்து செருப்பைக் கழற்றினார். நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"நான் இருக்கேன். நீ தைரியமா ஓட்டு."

கடைத்தெருவில் மருமகள் பையோடு இறங்கிப் போனதும் மாடி வீட்டம்மா வாய் திறந்தாள். "பாவம், நான் வேற அவளை ஓட்டச் சொன்னேன். புதுசா கத்துக்கிட்டிருக்கா போல, இப்படிப் பயப்படுறாளே."

பெரியவர் சிரித்தார். "புதுசா? டிரைவிங் ஸ்கூலுக்கு வர்றவங்களுக்கெல்லாம் ஓட்டச் சொல்லிக்கொடுக்கிறதே அவதாம்மா."

"அப்புறம் எதுக்குப் பயமா இருக்குன்னு சொன்னா?"

பெரியவர் பிரேக்கிலிருந்து காலை எடுக்காமலே சொன்னார்.

"நான் அதை நம்பிட்டேன்னு நினைச்சுக்கிட்டிருக்கா. நீங்க சொல்லிடாதீங்க."