கேன்டீன் நாற்காலி

பாட்டு மறுபடி தொடங்கியது. மற்ற பெண்கள் எழுந்து ஓடினார்கள். அறிவுமதி எழுந்திருக்கவில்லை.

காணும் பொங்கல் மாலை. ஒரகடத்தை ஒட்டிய ஊரின் பள்ளிக்கூட மைதானத்தில் இளைஞர் மன்ற விளையாட்டு விழா. பெண்களுக்கான மியூசிக்கல் சேரில் கடைசியாக நான்கு பெண்களும் மூன்று நாற்காலிகளும் மிச்சம்.

"யக்கா, பாட்டு ஓடிக்கினு கீது, எய்ந்திரு!" என்று மைக்கில் கத்தினான் மன்றச் செயலாளர் வெங்கடேசன்.

கூட்டம் சிரித்தது. அவளும் சிரித்தாள். எழுந்திருக்க மட்டும் மனசு வரவில்லை.

உட்கார்ந்ததும் கெண்டைக்கால் நரம்பெல்லாம் மெல்ல இளகி, அப்பாடா என்றிருந்தது. வேலை நேரத்தில் அந்த அப்பாடாவை அவள் ஒரு நாளும் சொன்னதில்லை.

அவள் வேலை பார்ப்பது கார் சீட் செய்யும் கம்பெனியில். ஊரில் பாதிப் பெண்களுக்கு அங்கேதான் பிழைப்பு. ஷிப்டு முழுக்க நின்றுகொண்டே சீட்டுக்கு உறை மாட்ட வேண்டும். யார் யாரோ சொகுசாகச் சாய்ந்துகொள்ளப் போகிற சீட். அதை மாட்டுகிறவளுக்கு ஒரு ஸ்டூல் கிடையாது. நினைத்தால் வயிறு எரியும்.

தீபாவளிக்கு முன்னால், லைனில் நின்று வேலை பார்க்கும் எல்லோருக்கும் சேர்த்து அவள்தான் போய் ஸ்டூல் கேட்டாள். உட்கார்ந்தால் தூக்கம் வரும், வேலை படுத்துவிடும் என்று சொல்லி அனுப்பிவிட்டார் எச்.ஆர். மேனேஜர் நரசிம்மன். அதற்கப்புறம் சூப்பர்வைசர் அவளிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. பொங்கல் லீவு முடிந்ததும் அவளுடைய காண்டிராக்ட்டைப் புதுப்பிக்க வேண்டும். அது நரசிம்மன் கையில் இருக்கிறது.

அந்த நரசிம்மன்தான் இன்றைக்கு வேட்டி கட்டிக்கொண்டு சிறப்பு விருந்தினராக மேடையில் இருக்கிறார். பரிசெல்லாம் கம்பெனி உபயம். போட்டிக்கான நாற்காலிகள்கூடக் கம்பெனி கேன்டீனிலிருந்து வேனில் வந்து இறங்கியவை. ஸ்டூலுக்கு வழியில்லாத இடத்தில் விளையாட்டுக்கு மட்டும் எங்கிருந்து முளைத்தனவோ!

அவள் கணவன் அன்பு அதே கம்பெனியில் பஸ் டிரைவர். ஊர் விழா என்றால் ஸ்பீக்கர் செட் போடுவதும் அவன்தான். போகியன்று காலையில் அவன், "நீ ஒருத்தி கேட்டு இன்னா ஆவப்போவுது? வாய மூடிக்கினு இருந்தா ரெண்டு பேர் வேலையும் மிஞ்சும்" என்று சொல்லப்போக, சண்டை பிடித்துக்கொண்டது. அன்றோடு பேச்சு நின்றது.

ஆனாலும் பண்டிகையை விட்டுக்கொடுக்க முடியுமா? எல்லாப் போட்டிக்கும் குடும்பமாகத்தான் வந்தார்கள். சேர்ந்து நின்றார்கள், சேர்ந்து கை தட்டினார்கள். மகள் கவியா எலுமிச்சை ஸ்பூன் ஓட்டத்தில் ஜெயித்தபோது இரண்டு பேருமே விசில் அடித்தார்கள். பேச்சு மட்டும் கவியா வழியாகப் போய் வந்தது. அப்பாவைச் சாப்பிடச் சொல், அம்மாவிடம் பசியில்லை என்று சொல்.

நேற்றைய கோலப் போட்டியில் எல்லோரும் பானையும் கரும்பும் போட, அறிவுமதி வீம்புக்கு ஒரு ஸ்டூல் போட்டாள். நடுவர்கள் அதை உரல் என்று நினைத்து ஆறுதல் பரிசு கொடுத்துவிட்டார்கள்.

இன்றைக்கு யாரும் தப்பாக நினைக்க வழியில்லை. அவள் உட்கார்ந்திருக்கிறாள், அவ்வளவுதான்.

நரசிம்மன் மேடையை விட்டு இறங்கி வட்டத்துக்குள் வந்தார். முகத்தில் சிரிப்பு இருந்தது.

"விளையாட்டுன்னா ரூல்ஸ் இருக்கும்மா. பாட்டு ஓடும்போது உக்காரக் கூடாது."

"ஷிப்டு பூரா நின்னுக்கினுதானே சார் கீறோம். இங்கியாவது உக்காந்துக்கிறேன்."

அவர் சிரிப்பு மறைந்தது. லீவு முடிந்து வா, பேசிக்கொள்ளலாம் என்றார். அது என்ன பேச்சு என்று அங்கே புரியாதவர்கள் கிடையாது.

வேலை போனால் கவியாவின் ஸ்கூல் பீஸுக்கு எங்கே போவது? ஆனால் இப்போது எழுந்துவிட்டால் இனி யாருமே ஸ்டூல் கேட்க மாட்டார்கள் என்று அறிவுமதிக்குத் தோன்றியது. போனால் போகட்டும் என்று நாற்காலியின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

நரசிம்மன் ஸ்பீக்கர் செட் பக்கம் கையை நீட்டி, அவளை எழுப்புவதற்காகச் சவுண்டை ஏற்றச் சொன்னார்.

அன்பு தலை நிமிர்ந்தான். போகிக்குப் பிறகு முதல் தடவையாகப் பெண்டாட்டியை நேராகப் பார்த்தான். அவளும் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.

அவன் குனிந்து, பாட்டு ஓடிக்கொண்டிருந்த செல்போனிலிருந்து ஒயரைப் பிடுங்கினான்.

பாட்டு பாதியில் நின்றது.

ஓடிக்கொண்டிருந்த மூவரில் முத்துச்செல்வி திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து அறை எடுத்துத் தங்கியிருப்பவள். லைனில் அறிவுமதிக்குப் பக்கத்தில் நிற்பவள். சட்டென்று பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். அவளைப் பார்த்து இன்னொருத்தி உட்கார்ந்தாள். இடம் கிடைக்காத மூன்றாமவள், ஒவ்வொருத்தியாக அவுட்டாக ஆக எடுத்து ஓரத்தில் ஒதுக்கி வைத்திருந்த நாற்காலிகளில் ஒன்றை இழுத்து வந்து போட்டுக்கொண்டாள். வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்ற லைன் பெண்களும் ஆளுக்கொன்றாக இழுத்து வந்தார்கள். யாரும் யாருக்கும் சொல்லவில்லை. ஒதுக்கி வைத்த நாற்காலி அத்தனையும் வட்டத்துக்குள் வந்து சேர்ந்தது.

வெங்கடேசனுக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. பாட்டு நின்றால் சொல்ல வேண்டியதை மத்தியானத்திலிருந்து சொல்லிச் சொல்லி வாய் பழகியிருந்தது. அதையே மைக்கில் சொல்லித் தொலைத்தான்.

"பாட்டு நின்னாச்சு! நிக்கிறவங்க அவுட்டு!"

வட்டத்துக்குள் நின்றவர் ஒரே ஒருவர்தான். வேட்டியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, உட்கார எங்காவது ஒரு நாற்காலி இருக்கிறதா என்று அவர் சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டிருந்தார்.