மூன்றாம் மடிப்பு

கைகளைத் தலைக்கு மேல் தூக்கி வைத்துப் படுத்திருந்தாள்.

கால் மணி நேரம் அசையக் கூடாதாம்.

அசைவதா! மூச்சை இழுத்து விடுவதே பெரும்பாடாக இருந்தது.

முதலில் மூக்கைக் கிளிப்பால் அடைத்து, குழாய் வழியே ஏதோ வாயுவை இழுக்கச் சொல்லிப் படம் பிடித்தார்கள். பிறகு கையில் ஊசி போட்டு, இதோ, மறுபடியும். பெரிய தட்டுகள் இரண்டு அவளை மெல்லச் சுற்றி வந்தன.

புது மெஷின். போன வாரம்தான் வந்தது.

ஆடித் தள்ளுபடி முடிந்த கையோடு பழைய மெஷினில் எடுத்திருந்தாள். அதில் படம் தட்டையாக விழும். நுரையீரலில் ரத்தக்கட்டி எதுவும் தெரியவில்லை என்று எழுதிக் கொடுத்தார்கள்.

அந்தக் காகிதத்தை அவள் வேலை பார்க்கும் ஜவுளிக்கடையின் மேனேஜர் பரமானந்தம் பட்டுப் பிரிவில் நின்று எல்லோருக்கும் கேட்கப் படித்தார்.

"ஒண்ணுமில்லையாம்! நடிப்புக்கு மருந்து கிடையாதாம்!"

கவுன்ட்டர் பெண்கள் சிரித்தார்கள். ஒன்பது வருஷமாக அவளோடு ஒரே டப்பாவில் சாப்பிடும் செண்பகமும் சிரித்தாள். அதுதான் ஆறவே இல்லை.

காலை ஒன்பதரைக்குக் கடைக்குள் நுழைந்தால் இரவு சாத்தும்வரை நின்றே வேலை. முக்காலிகள் உண்டு. அவை வாடிக்கையாளருக்கு. இடது கால் பூசணியாக வீங்கியபோதும் நின்றாள். மூச்சு வாங்கியபோதும் நின்றாள்.

"டாக்டரே ஒண்ணுமில்லன்னுட்டாரு, அப்புறம் என்னடி?" என்றான் புருஷன்.

நேற்று புடவைக் கட்டோடு மாடிப்படியில் சரிந்து உட்கார்ந்துவிட்டாள்.

"எந்திரி. கஸ்டமர் பாக்குறாங்க" என்றார் பரமானந்தம்.

எழுந்தாள். எழும்போது அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. நிஜமாகவே நடிக்கிறோமோ?

தட்டுகள் நின்றன.

டாக்டர் ஹெப்சிபா அவளைத் திரையருகே கூப்பிட்டார். இரண்டு நுரையீரல்கள். டாக்டர் அவற்றைத் திருப்பினார். முன்பக்கம் முழுசாக இருந்தது. பக்கவாட்டிலும் ஒன்றும் இல்லை.

முதுகுப்பக்கம் வந்ததும் டாக்டரின் கை நின்றது.

இடது பக்கம், அடியில், முக்கோணமாக ஒரு துண்டைக் காணவில்லை.

"காத்து இங்கயும் போகுதும்மா. ரத்தம்தான் போகல. கட்டி அடைச்சிருக்கு. போன தடவை முன்னாடி இருக்கிற பகுதி இத மறைச்சிருச்சு."

அதற்கு மேல் அவளுக்கு விளக்கம் வேண்டியிருக்கவில்லை. மடித்த புடவையில் மூன்றாம் மடிப்பில் கிழிசல் இருந்தால் மேலே தெரியாது. பிரித்து உதற வேண்டும். தினமும் நூறு புடவை உதறுகிறவள் அவள்.

"அப்ப, இருக்குங்களா?"

"இருக்கு. இன்னைக்கே அட்மிட் ஆகணும். பயப்படாதீங்க, மருந்து இருக்கு."

பயமா! அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்க மூச்சுப் போதாமல் கண்ணில் தண்ணீர் வந்தது.

"எழுதித் தருவீங்களா டாக்டர்? கொஞ்சம் பெரிய எழுத்துல?"

படம் பிடித்த டெக்னீஷியன் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

"உக்காருங்கக்கா. இனி ஒரு அடி நடக்கக் கூடாது."

பழக்கதோஷம். அவள் ஒருமுறை பின்னால் திரும்பிப் பார்த்தாள்.

யாரும் இல்லை.

உட்கார்ந்தாள்.