முழங்கால் சேறு

“இப்ப உள்ள சனத்துக்குக் கர்த்தர் அரைப் பேருக்குத்தான் வேணும் பாஸ்டர்! அரை நாள் இங்க, அரை நாள் அங்க. முழுப் பேருக்கு நிக்க எவனுக்கும் மனசில்ல!”

ஜெபக்கூடத்து வாசலில் நின்று மூப்பர் யாக்கோபு கத்தினார். தோட்டத்தில் பாதி நாள் வேலைக்கு அரைப் பேர், அதாவது பாதிச் சம்பளம்தான் விழும். முப்பது வருடம் கங்காணியாக இருந்தவர். கடவுள் காரியத்தையும் அந்தக் கணக்கில்தான் பேசுவார்.

நான்கு நாளாக மழை விடவில்லை. பசறைக்கு மேலே இருந்த அந்தத் தோட்டத்து ஜெபக்கூடத்தில் முப்பது பேர் திருவிருந்துக்குக் காத்திருந்தார்கள். மூப்பரின் வெள்ளை வேட்டி மடித்துக் கட்டியிருந்தது. வலது காலில் முழங்கால் வரை சேறு. கக்கத்தில் ஒரு சாக்கு.

“தாத்தா, காலக் கழுவிட்டு வாங்க. என்ன, வயல் உழுதுட்டு வாறீங்களா?” என்றான் த்ரீவீல் ஓட்டும் ரஜீவ்.

“கழுவ மாட்டேன்டா. உனக்குத்தான் இது சேறு. எனக்கு இது சாட்சி!”

ஹாலிஎலயிலிருந்து பஸ்ஸில் வந்திருந்த பாஸ்டர், அப்பத் தட்டைத் துணியால் மூடினார். “நடந்ததச் சொல்லுங்க மூப்பரே.”

யாக்கோபு முன்வரிசையைப் பார்த்தார். மேல் லயத்து வரிசை வீடுகளில் கடைசி வீட்டு விஜயலெட்சுமி அங்கே துவைத்த வெள்ளைச் சேலையில் உட்கார்ந்திருந்தாள். கொழுந்து பறிப்பவள். ஞானஸ்நானம் எடுத்து ஒரு வருடம் காத்திருந்து, இன்றுதான் அவளுக்கு முதல் திருவிருந்து. மூப்பர் வேண்டாம் என்றால் பாஸ்டர் கொடுக்கமாட்டார். அது அந்தச் சபையின் வழக்கம்.

“இந்தப் புள்ளைக்குக் குடுக்கக் கூடாது.”

அவள் திடுக்கிட்டு நிமிர்ந்தாள். “நான் என்ன செஞ்சேன் மூப்பரய்யா?”

“என்ன செஞ்சியா? முழுகி எழும்பியும் பழைய பேர மாத்தாம இருந்தியே, அன்னைக்கே எனக்குச் சந்தேகம். ஒரு வாரமாப் பாக்குறேன் பாஸ்டர். காலையில வேலைக்குப் பேர் பதியப் பெரட்டுக்குப் போக முந்தி, லயத்துக்கு மேல மானாப்புல்லுக்குள்ள போறா. முட்டி போடுறா. மண்ணத் தொடுறா. விரல எண்ணி எண்ணி மொணமொணக்குறா. கர்த்தருக்குத் தெரியாமப் பூசை!”

“ஐயா, அது பூசை இல்லைங்க…”

“பொறு புள்ள. அப்ப இது என்ன?”

சாக்கை உதறினார். ஆறு முளைக்குச்சிகள் சிமெந்துத் தரையில் உருண்டன. ஒவ்வொன்றின் தலையிலும் சிவப்புத் துணி.

“முனிக்கு நட்டது” என்று யாரோ கிசுகிசுத்தார்கள். சிவப்புத் துணி கட்டிய குச்சியை அந்தத் தோட்டத்தில் வேறு எதற்கும் யாரும் கண்டதில்லை.

விஜயலெட்சுமியின் முகம் வெளுத்துப்போனது. “ஐயோ, இத எதுக்குய்யா புடுங்குனீங்க?”

“கேட்டீங்களா? வாயாலயே வந்துருச்சு!”

பக்கத்தில் இருந்தவள் சேலையை ஒதுக்கிக்கொண்டு தள்ளி உட்கார்ந்தாள். “த்தூ, இவளையா நம்புனோம்” என்று பின்னாலிருந்து ஒரு குரல். யாக்கோபுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. இந்த மலையில் கர்த்தருக்காக வைராக்கியமாக நிற்கத் தன்னை விட்டால் ஆளில்லை.

அவளோ திருவிருந்து மேசையைப் பார்க்கவில்லை. அவர் காலையே பார்த்தாள். “இந்தச் சேறு எப்பிடி மூப்பரய்யா?”

“அப்பிடிக் கேளு! கடைசிக் குச்சியப் புடுங்குனேன் பாரு, புல்லுக்குள்ள இருந்து பிசாசு காலப் புடிச்சு உள்ள இழுத்துருச்சு. முழங்கால் வரைக்கும்! ‘இயேசுவே’ன்னு கத்துனேன், விட்டுருச்சு.”

“அல்லேலூயா!” என்றார்கள் நாலைந்து பேர்.

“முழங்கால் வரைக்குமா?”

அவள் எழுந்துவிட்டாள். “பாஸ்டர், மொதல்ல மணிய அடிங்க. எல்லாரும் கீழ பள்ளிக்கூடத்துக்கு எறங்கணும்.”

“என்னம்மா சொல்ற?”

“பதுளையில இருந்து மண்சரிவு பாக்க வந்த ஆபீசர் நட்ட குச்சிங்க இது. எல்லாரும் மலையில வேலைக்கு நின்ன நேரம் வந்தாரு, லயத்துல என்னையத்தான் கண்டாரு. அந்தப் புல்லுக்குள்ள நெலம் வெடிச்சிருக்கு. குச்சி நட்ட எடத்துல தெனம் விரல வச்சு அளந்து போன்ல சொல்லுவேன். ஒரு சாண் ஆயிருச்சுன்னா ஒடனே சனத்தக் கெளப்பச் சொன்னாரு. அதுவரைக்கும் யாரையும் பயமுறுத்த வேணாம்னு நான்தான் வாயத் தொறக்கல.” நான்கு விரல்களைச் சேர்த்துக் காட்டினாள். “நேத்து இவ்வளவு அகலந்தான் இருந்துச்சு. கால் நுழையாது.”

எல்லாக் கண்களும் மூப்பரின் காலுக்குப் போயின.

மணி அடித்தது. வெள்ளைச் சேலையோடு மழைக்குள் இறங்கிய விஜயலெட்சுமி, லயத்தில் இருந்தவர்களைக் கிளப்ப மேலே ஓடினாள். அவள் பின்னாலேயே ரஜீவும் ஓடினான். மூடிய தட்டோடு பாஸ்டர் முன்னால் நடக்க, சனம் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு படியிறங்கியது.

“போன வருசமும் மலை வருதுன்னானுங்க, வந்துச்சா? அளக்குற குச்சின்னா அதுக்கு எதுக்குச் செவப்புத் துணி?” என்று தனக்குத்தானே முனகியபடி யாக்கோபு கடைசி ஆளாக நடந்தார், மடித்துக் கட்டியிருந்த வேட்டியை அவிழ்த்து, சாட்சிக் காலைப் பாதம் வரை மறைத்துக்கொண்டு.