மூங்கில் ஆப்பு

மெயின் சுவிட்சை இறக்கினாள். பேனல் கதவைத் திறந்து ஆப்பை உருவினாள்.

ரப்பர் பிசையும் இரட்டை உருளைகள் ஓடி ஓய்ந்தன.

விரல் நீள மூங்கில் துண்டு. அவ்வளவுதான்.

மோட்டாருக்கு மின்சாரத்தை விடவும் நிறுத்தவும் இருக்கும் கான்டாக்டர் தேய்ந்து கிழடாகிவிட்டது. பச்சைப் பொத்தானை அழுத்தினால் டக்கென்று ஒட்டும். அடுத்த மூச்சில் விட்டுவிடும். விடாமல் இருக்க அதன் இடுக்கில் இந்த ஆப்பைச் செருகி வைத்திருந்தார்கள். யார் கண்டுபிடித்த வித்தையோ. இந்த ஆலையில் இதற்குப் பெயர் ரிப்பேர்.

உற்பத்திக்கு ஒரு குறையும் இல்லை.

தலைக்கு மேல் தொங்கும் சிவப்புக் கயிறுதான் பாவம். ஆபத்து என்றால் அதை இழுக்க வேண்டும். இழுத்தால் கான்டாக்டர் விட வேண்டும், உருளை நிற்க வேண்டும். ஆப்பு இறுக்கிப் பிடித்திருக்கும் கான்டாக்டர் எங்கே விடும்?

போன ஆடியில், இந்த உருளைகளில் ரப்பர் தள்ளிக்கொண்டிருந்த கோதண்டம் அந்தக் கயிற்றை இழுத்தார். இடது கையால்.

வலது கை உருளைகளுக்கு நடுவில் இருந்தது.

கவனக்குறைவு என்று சொல்லி முடித்துவிட்டார்கள். ஆலையின் எலக்ட்ரீஷியனாக அவள் வந்ததே அதற்குப் பிறகுதான். புது கான்டாக்டர் கேட்டுக் கேட்டு வாய் வலித்துவிட்டது.

கோதண்டத்தின் இடத்தில் இப்போது டில்லிபாபு நிற்கிறார். ரப்பர் பாளத்தைக் கையில் ஏந்தியபடி அவர்தான் முதலில் கெஞ்சினார்.

"வச்சிடும்மா. நான் பாத்து சூதானமாத்தான் போடுவேன். எதுக்கு வம்பு?"

கோதண்டமும் சூதானமான மனிதர்தான். ஆப்பைக் கைக்குள் வைத்து மூடிக்கொண்டாள்.

சத்தம் நின்றால் மேனேஜருக்கு மூக்கில் வேர்த்துவிடும். வந்துவிட்டார்.

"புதுசு வரும்போது வரும். இப்ப ஆப்ப வை. முடியாதுன்னா கேட் தொறந்துதான் இருக்கு, கிளம்பு."

அவள் இன்னும் நிரந்தரமாகவில்லை. இந்த வேலை போனால் இன்னொன்று கிடைப்பது குதிரைக்கொம்பு. பொம்பளைக்கு எதுக்கு இந்த வேலை என்று சிரித்தவர்கள் ஊரில் மறுபடி சிரிக்கத் தயாராக இருக்கிறார்கள். எல்லாம் ஒரு கணம் கண்முன் வந்து போனது. பயமாகத்தான் இருந்தது.

உள்ளங்கையை விரித்து ஆப்பைக் காட்டினாள்.

"வைக்கிறேன் சார். இன்னிக்கு ரப்பரை நீங்க உள்ள தள்ளுங்க."

மேனேஜர் உருளைகளைப் பார்த்தார். அவை அசையாமல் கிடந்தன. இருந்தும் அவருடைய வலது கை மெல்ல நகர்ந்து பேன்ட் பைக்குள் போய்விட்டது.

அவருக்கே அது தெரிந்திருக்காது. டில்லிபாபு பார்த்துவிட்டார்.

ஆப்பு அவள் உள்ளங்கையில் அப்படியே இருந்தது. யாரும் எடுக்கவில்லை.

டில்லிபாபு ரப்பர் பாளத்தைக் கீழே போட்டார். தன் வலது கையை ஒருமுறை திருப்பிப் பார்த்தார். பிறகு அதை உயர்த்தி, மேனேஜரைப் பார்த்துக்கொண்டே, சிவப்புக் கயிற்றைப் பிடித்து ஓங்கி இழுத்தார்.

இயந்திரம் ஏற்கெனவே நின்றுதான் இருந்தது.