இடப்பக்கம் சாயும் எழுத்து

“அருமையா வந்திருக்குங்க” என்று டீச்சர் சொன்னதும் அவர் அந்தப் பக்கத்தைக் கிழித்தார். நாலாக மடித்துச் சட்டைப் பையில் திணித்துக்கொண்டார்.

“மிஸ், அங்கிள் இன்னிக்கும் கிழிச்சிட்டாரு!” பின்வரிசையில் ஒரு வாண்டு கத்தியது.

அந்தக் கையெழுத்து வகுப்பில் அவர் ஒருவர்தான் பெரியவர். முப்பது வருடமாக வெல்டிங் பட்டறையில் வேலை. விரலெல்லாம் தீப்பொறி பட்ட தழும்புகள். குழந்தைகளின் நாற்காலியில் முழங்காலை இடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

டீச்சரும் எல்லா வழியும் பார்த்துவிட்டார். இரட்டைக்கோடு நோட்டில் எழுதவைத்தார். எழுத்து கோட்டுக்குள் ஒழுங்காக நிற்க நிற்க அவர் முகம் சுருங்கியது. புள்ளிகளின் மேல் எழுதச் சொன்னால், “இது அச்சு மாதிரி இருக்குங்க” என்று தள்ளிவைத்தார். பாடத்தைச் சொல்லச் சொல்ல எழுதும் பயிற்சியில் பேனாவையே தொடவில்லை.

“சரி, மனசுல என்ன இருக்கோ அத எழுதுங்க” என்றார் டீச்சர் கடைசியாக.

ஒரு மணி நேரத்தில் ஒரே வரி. ‘அம்மா, நான் நல்லா இருக்கேன்.’

“அம்மா ஊர்ல இருக்காங்களா?”

“அவங்க போய்ப் பத்து வருசமாச்சு.”

மறுநாள் ஒரு பழைய கடிதத்தைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். நீல மை. எழுத்துகள் எல்லாம் இடப்பக்கம் சாய்ந்து, ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நின்றன.

“இந்த மாதிரி வரணும். இத விட நல்லா வேண்டாம்.”

டீச்சருக்குச் சுருக்கென்றது. “யார் எழுத்தைத் திருடப் பாக்கறீங்க? அதுக்கு வேற ஆளப் பாருங்க. கெளம்புங்க.”

அவர் எழுந்திருக்கவில்லை. பிள்ளைகள் எல்லாரும் போகும்வரை காத்திருந்தார்.

“என் பையன் எழுத்தும்மா. கப்பல்ல வேலை. மாசம் ஒரு லெட்டர் போடுவான். நாலு மாசம் முன்னாடி கடல்ல விழுந்துட்டான். உடம்பு கூடக் கெடைக்கல.” பேனா மூடியைத் திறந்து திறந்து மூடினார். “அவன் அம்மாவுக்கு நெஞ்சுல ஆபரேஷன். தேதி குறிச்சாச்சு. லெட்டர் வரலையேன்னு வாசலையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கா.”

“அவங்களுக்குத் தெரியாதா?”

“கம்பெனியில வீட்டு நம்பரத்தான் குடுத்திருந்தான். எப்படியோ போன் பட்டறைக்கு வந்துச்சு. அது ஒண்ணுதான் நல்ல காலம்.”

டீச்சர் இரட்டைக்கோடு நோட்டை மூடி ஓரமாக வைத்தார். கோடில்லாத தாள் ஒன்றை எடுத்துப் போட்டார்.

“உங்க பையன் இடது கைக்காரரா?”

“ஆமா. எப்படித் தெரியும்?”

“பேனாவ அந்தக் கைக்கு மாத்துங்க.”

பத்து நாள் கழித்து ஒரு மத்தியானம், ஒரு பெண்மணி மாடிப்படி ஏறி வந்தார். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார்.

“வெல்டர் வீட்டுக்காரி நான். அவர் இங்க என்ன படிக்கிறாரு?”

“சும்மாதான்… கையெழுத்து அழகா வரணும்னு ஆசைப்பட்டாரு.” டீச்சர் பார்வையை ஜன்னலுக்குத் திருப்பிக்கொண்டார்.

அந்த அம்மாள் பையிலிருந்து தாள்களை எடுத்து மேசையில் பரப்பினார். துவைக்க எடுத்த சட்டைகளில் கிடைத்தவை. நாலு மடிப்பும் மறையும்படி ஒவ்வொன்றையும் நீவி வைத்திருந்தார்.

டீச்சர் நாற்காலியை விட்டு எழுந்தார். “அம்மா, அது வந்து…”

“வீட்டுக்குத்தான் மொதல்ல போன் வந்துச்சு. பட்டறை நம்பரக் குடுத்ததே நான்தான். அவர் வாயால எங்கிட்டச் சொல்லட்டும்னு இருந்தேன். பாவம், அவரால முடியல.”

கடைசித் தாளை மட்டும் முன்னால் இழுத்து, ‘அம்மா’ என்ற சொல்லின் மேல் விரல் வைத்தார்.

“இந்த ‘மா’ மட்டும் இன்னும் கொஞ்சம் சாயணும் டீச்சர். சொல்லிக்குடுங்க.”