யூசுப் கொண்டுவந்த ஆரஞ்சு

'இவர் இந்தப் பழங்களையாவது வாங்கி வராமல் இருந்திருக்கலாம்.'

கால் எலும்பு முறிந்து மல்காஜ்கிரி மருத்துவமனையில் படுத்திருந்த பிந்து, ஆரஞ்சுப் பையைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் ஸ்கூட்டியை இடித்த ஆட்டோ டிரைவர் யூசுப், காலையில் வந்து வைத்துவிட்டுப் போனது அது.

"தப்பு என்னோடதுதான்னு போலீஸ்ல அவரே எழுதிக் குடுத்துட்டார். நஷ்டஈடு முழுசா வாங்கிடலாம் மேடம். இங்க ஒரு கையெழுத்து போடுங்க" என்றார் வக்கீல் செல்லப்பா.

"அவர் லைசென்ஸ் போயிடுமா சார்?"

"போகலாம். அதுக்கு நாம என்ன பண்றது?"

கணவன் ஜெயந்த் சிரித்தான். "நாலு பழத்துக்கே மனசு இளகிடுச்சா? ஆறு மாசம் உன்னால வேலைக்குப் போக முடியாது. போடு பிந்து."

அவள் பேனாவை வாங்கினாள். காலையில், ஜெயந்த் காபி வாங்கப் போன நேரத்தில், யூசுப் தாழ்ந்த குரலில் சொன்னது காதிலேயே நின்றது.

"நீங்க ராங் ரூட்ல வந்ததை நான் யார்கிட்டயும் சொல்லலம்மா. யூ டர்ன் அவ்வளவு தூரம் இருந்தா எல்லாரும் அப்படித்தான் வருவாங்க. நான்தான் பார்த்து ஓட்டியிருக்கணும்."

பிந்து பேனாவை மூடி வக்கீலிடமே நீட்டினாள்.

"வேண்டாம் சார்."